தாண்டினதும் தர்றேன்

என் மனைவி பூங்கொடியின் மூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்று விட்டிருக்கிறார்கள். அங்கே எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பது என் ஹெல்மெட் கண்ணாடியில் தெரியும். இந்த ஆஸ்பத்திரியில் அப்படித்தான். எண் வெளிப்பக்கம் தெரிவதால் ஊரே படிக்கலாம், என்னால் முடியாது. பைக் விபத்து நடந்ததிலிருந்து ஹெல்மெட் கழலவும் இல்லை.

படித்துச் சொல்வது மாமனார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார். இதைவிடக் கேவலம் வேறு வேண்டுமா?

"இருபத்தாறுங்க மாப்ள. இருபதுக்குக் கீழ போனா மோசம்னு நர்சம்மா சொல்லுச்சு. நல்ல வேளை, நீங்களாவது ஹெல்மெட் போட்டிருந்தீங்க."

நான் தலையாட்டினேன். தலை கனத்தது.

அவளைப் பார்க்கப் படிவம் வேண்டும். கவுன்ட்டர்க்காரர் பேனாவைத் திறந்தார்.

"ஹெல்மெட் யாருது?"

"என்னுதுங்க."

ஐ.சி.யூ. கதவு பத்தடி பின்னால் போனது. "இருபத்து மூணுங்க மாப்ள," என்றார் மாமனார்.

"அந்தம்மா ஏன் போடலை?"

"முடி கலைஞ்சிரும்னு சொல்லுவாளுங்க. அவளுக்குப் புடிக்காது."

வராந்தா நீண்டது. கதவு கடுகளவு ஆனது.

"ஐயோ மாப்ள, பத்தொம்பதுங்க!"

"நமக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க," என்றார் கவுன்ட்டர்க்காரர்.

மாமனாரைப் பார்த்தே சொன்னேன்.

"அவதான் போட்டிருந்தா. ரவுண்டானாவுல போலீஸ் நின்னுச்சு. ஓட்டறவனைத்தானே புடிப்பாங்க? குடு, தாண்டினதும் தர்றேன்னு வாங்கி மாட்டிக்கிட்டேன்."

"தாண்டினதும்?" என்றார் மாமனார்.

"ரெண்டு தரம் கேட்டா. வண்டிய நிறுத்தச் சோம்பலா இருந்துச்சுங்க."

மாமனார் வெகுநேரம் என் முகத்தைப் படித்தார்.

"இருபத்தொண்ணு," என்றார். மாப்ள என்று சொல்லவில்லை.

கதவு என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே போனேன். பூங்கொடி பெரிய தலைக்கட்டோடு கண்மூடிக் கிடந்தாள்.

"ஏனுங்க, போலீஸ் தாண்டியாச்சுங்களா?"

"தாண்டியாச்சு."

"அப்பக் குடுங்க."

ஹெல்மெட் சுலபமாகக் கழன்றது. அவள் தலையில் வைத்தேன். கட்டுக்கு மேல் ஏறவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு, பூங்கொடி."

கண்ணாடி இப்போது என் பக்கம் இருந்தது. முதல் தடவையாக நானே படித்தேன்.

பத்தொன்பது.