விண்கலத்தில் ஓர் அண்ணே

1

இந்தக் கதை ஒரு குளிர்பதனக் கிடங்கில் பிறந்தது என்பதை இதை எழுதுகிறவள் முதலிலேயே ஒப்புக்கொள்கிறாள். விண்வெளிக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கிடங்கின் பகல் ஷிஃப்டுக்கு அவள் பொறுப்பாளர். கதை எழுதுவது விடுமுறை நாள்களில்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

கலத்தலைவி இரும்புக் குரலில் ஆணையிட்டாள்: "ஏழாம் எண், வெளியே வா! இல்லையேல்...

(இல்லையேல் என்ன? 'இல்லையேல்' என்று வாய்விட்டுப் பேசிய ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

2

இந்தத் தலைவி யார் வீட்டுப் பெண்? இங்கேதான் எழுதுகிறவளுக்குச் சந்தேகம் தட்டியது. தமிழில் கோபப்பட்டு, தமிழில் கொஞ்சி வளர்ந்தவள் என்றால், மூத்தவரை 'வா' என்று கூப்பிட நாக்கு எழாதே. பூமியை விட்டுக் கிளம்பும்போது நாக்கைக் கழற்றி வைத்துவிட்டா போவாள்?

ஏழாம் எண், தலைவியைவிட வயதில் மூத்த மெக்கானிக் ஆனார். காற்று கசியும் அறைக்குள் நின்று பழுது பார்க்கிறார். கலத்தின் காற்றெல்லாம் போய்விடாமல் இருக்க அறைக்கதவை உடனே மூடியாக வேண்டும். தலைவி சொல்கிறாள்: "அண்ணே, போதும். வெளிய வாங்க."

இதுவரை எழுதியதை ஓர் இதழுக்கு அனுப்பினாள். படித்துவிட்டு இதழாசிரியர் போனில் சிரித்தார்.

"கதை நல்லா வந்திருக்கும்மா. அந்த அண்ணேவ மட்டும் எடுத்துடுங்க. ஆபத்து நேரத்துல தலைவி கெஞ்சலாமா?"

"கெஞ்சல சார். அது உத்தரவு."

"வாசகருக்கு அப்படித் தெரியாதே. அத மாத்தி, முடிவையும் எழுதிக் குடுங்க, அடுத்த இதழ்லயே போட்டுடறேன்."

இதுவரை அவள் கதை எதுவும் அச்சில் வந்ததில்லை. ஓர் அண்ணேதானே, எடுத்துவிடலாம் என்று அவள்

3

(மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கவிடவில்லை, மறுநாள் நடந்தது.)

கிடங்கின் கம்ப்ரசர் அறையில், குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயு கசிந்தது. மூக்கைத் துளைக்கும் நெடி. எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள், அவளைவிட வயதில் மூத்த ஆபரேட்டர் 'மீசை' தவிர. (மீசையை மழித்து வருஷக்கணக்காகிறது. பெயர்தான் போகவில்லை.) முகமூடிகூட இல்லாமல் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவள் வாசலில் நின்று கத்தினாள். "அண்ணே! விட்டுட்டு வாங்க!"

"இன்னும் அரைச் சுத்துதாம்மா!"

"அரையும் வேணாம், காலும் வேணாம். வாங்கன்னா வாங்க!"

வந்துவிட்டார், கண் சிவந்து, இருமி இருமி. முகமூடி போட்டவர்கள் உள்ளே போய்க் கசிவை அடைத்தார்கள்.

குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே மீசை சொன்னார்: "வேற யாராச்சும் 'வாய்யா வெளிய'ன்னு கத்தியிருந்தா, வீம்புக்காவது முடிச்சுட்டுத்தான் வந்திருப்பேன். நீ 'அண்ணே'ன்னு கூப்பிட்ட கூப்பாட்டுல மறுத்துப் பேச முடியலம்மா."

 அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

4

அன்று மாலையே இதழாசிரியரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே இருப்பாரு சார். போடறதா இருந்தா அப்படியே போடுங்க."

"ரொம்பப் பிடிவாதம்மா உங்களுக்கு."

"எனக்கில்ல சார், அவளுக்கு. அவ வளர்ந்த விதம் அப்படி."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, முடிவையாவது எழுதுங்க. மெக்கானிக் வந்தாரா இல்லையா?"

இரண்டு முடிவுகள் எழுதினாள். ஒன்றில் அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்துவிடுகிறார். இன்னொன்றில் "கதவ மூடும்மா" என்கிறார்; தலைவி மூடுகிறாள். இரண்டையும் அடித்துவிட்டாள்.

உங்களுக்கு உத்தரவிடும் பொறுப்பில் இருக்கும் இளையவள் ஒருத்தி அப்படிக் கூப்பிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதையே முடிவாக எழுதிக்கொள்ளுங்கள். 'வாங்க'வை மட்டும் 'வா' ஆக்கிவிடாதீர்கள்.