ஐந்து மணிக்குள் ஒரு கிட்டார்

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நான் உள்ளே புகுந்ததும், இறக்கிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது.

"ஏம்மா, தலை போயிருக்கும். சாப்பாட்டு நேரம். மூணு மணிக்கு வாங்க."

"மூணு மணிக்கு வந்தா தலை இருக்கும், வேலை இருக்காது. ஃப்ளோட்டிங் ட்ரெமலோ வெச்ச கிட்டார் வேணும். இப்பவே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர் போட்ட வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தேன்.

"நீங்களா வாசிக்கறீங்க?"

"அவரு."

வெளியே நடைபாதையில் என் கணவர் நின்றார். இரண்டு கைகளும் பாக்கெட்டுக்குள். எரிகிற வீட்டுக்கு எதிரே நின்றுகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"உங்களுக்கு இருக்கற அவசரம் அவருக்கு இல்லபோல" என்றபடி ஷட்டரை மறுபடி ஏற்றினார் கடைக்காரர். கிட்டார் விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் அவர் ஒருவர்தான். சட்டைப்பையில் திருகு முடுக்குகிற ஆலன் கீ நாலைந்து எட்டிப் பார்த்தன. இந்த வட்டாரத்தில் வாசிக்கிறவர்களெல்லாம் அவரைத் திருகாணி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் மறந்து பல வருஷம் ஆயிற்று என்று அவரே சொன்னார்.

மணி ஒன்றே முக்கால். இது மூன்றாவது கடை.

ஐந்து மணிக்கு மாஸ்டர் முன்னால் என் கணவர் நிற்க வேண்டும். மாஸ்டர் என்றால் இசைக்குழுவின் தலைவர். அடுத்த வாரம் குழு கப்பலேறுகிறது. எட்டு மாதம் கப்பலில் தினமும் கச்சேரி. புதுக் கிட்டாரோடு வந்து, தனியாக வாசிக்க வேண்டிய அந்த ஒரு சோலோவைத் தப்பில்லாமல் வாசித்தால் இடம் உண்டு. இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறான். நாற்பத்தாறு வயதில் என் கணவருக்கு இன்னொரு மேடை கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் நாங்கள் அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

எல்லாம் பத்து நாள் முன்பு நடந்த கச்சேரியால் வந்த வினை.

அறுநூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கம். நான் மூன்றாவது வரிசையில். சோலோவுக்கு முன்னால் மேடை விளக்கு ஒரு நொடி அணைந்தது. சோலோ தொடங்க வேண்டிய இடத்தில், அந்த இருட்டில் 'டங்' என்று ஒரு சத்தம். மெல்லிய முதல் கம்பி போயிற்று. சாதாரணக் கிட்டார் என்றால் மிச்சம் ஐந்தை வைத்து ஒப்பேற்றலாம். இது ஃப்ளோட்டிங் ட்ரெமலோ, அந்த ஜாதி இல்லை. முன்னால் ஆறு கம்பிகள் இழுக்க, பின்னால் மூன்று ஸ்பிரிங்குகள் இழுக்க, நடுவில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் எதிலும் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும். அதனால்தான் பிரிட்ஜில் செருகிய தண்டைப் பிடித்து அழுத்தினால் ஸ்வரம் பாதாளத்துக்கு இறங்குகிறது, தூக்கினால் ஆகாசத்துக்கு ஏறுகிறது. ஆனால் ஒரு கம்பி போனால் கயிறு இழுக்கிற போட்டியில் ஒருத்தன் கைவிட்ட கதைதான். ஸ்பிரிங் பக்கம் ஜெயித்து, பிரிட்ஜ் சாய்ந்து, மற்ற ஐந்து கம்பிகளும் சுதி ஏறிவிடும். ஒன்று செத்தால் ஆறுக்கும் சாவு.

பாடகி மூன்று வரி தாக்குப்பிடித்தாள். பிறகு அவளும் நிறுத்தினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் கேட்டது ஒரே கேள்வி. "கம்பி மாட்டினது யாரு?"

நான்தான்.

பன்னிரண்டு வருஷமாக என் கணவருக்குக் கம்பி மாட்டுவது நான். மூக்குக்கண்ணாடி ஃபிரேமில் எள்ளளவு ஸ்குரூவை முடுக்குகிற கை, பொறுமை உண்டு. பிரிட்ஜ் சாயாதபடி அதன் அடியில் லென்ஸ் துடைக்கிற துணியை மடித்துச் செருகி, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி, ஒருநாளும் ஒரு கம்பி அறுந்ததில்லை. அன்றைக்கு அறுந்தது.

என் கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அன்றிலிருந்து கடையில் நான் தேய்த்த லென்ஸ் மூன்று திரும்பி வந்தது.  அந்தப் பழைய கிட்டார் இனி தன் மேடைக்கு வரக் கூடாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

"உள்ள வாங்க சார். கிட்டார் ரோட்டுக்கு நடந்து வராது" என்று திருகாணி கூப்பிட்டார்.

முதலில் ஒரு வெள்ளைக் கிட்டாரை எடுத்துக் கொடுத்தார். என் கணவர் மடியில் வைத்து, தண்டைப் பிடித்து இரண்டு அழுத்து அழுத்தினார். கம்பிகள் தொளதொளத்துத் தொங்கி, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பின.

"கழுத்து தடிமன்" என்றார்.

அடுத்தது சிவப்பு. "தண்டு ஆடுது."

திருகாணி ஒரு வளையத்தை முடுக்கினார். ஆட்டம் நின்றது. "இப்ப?"

"கனமா இருக்கு."

"சார், இது கிட்டார். காகிதத்துல செய்யறதில்ல."

மூன்றாவது கறுப்பு. அதில் கம்பிகள் உயரமாம். அதையும் இறக்கிக் கொடுத்தார். உடனே என் கணவருக்குப் பிரிட்ஜ் சாய்ந்திருப்பது போலத் தெரிந்தது. திருகாணி பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங் ஸ்குரூவைக் கால் சுற்று சுற்றி, கண்ணை மட்டத்துக்கு வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். லென்ஸ் போலச் சமமாக இருந்தது.

"நேரா இருக்குங்க" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்?"

என் கணவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பதில் என் வாயில் இருந்தது, சொல்லத் தகுதி இல்லை என்று விழுங்கினேன். கம்பியை அறுத்தவள் பேசலாமா?

மணி மூன்று. மாஸ்டர் இருக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரப் பயணம்.

திருகாணி பெருமூச்சு விட்டு உள்ளே போய், பெட்டியிலிருந்து ஒரு சாம்பல்நிறக் கிட்டாரைத் தூக்கி வந்தார். "இதுக்கும் குறை சொன்னீங்கன்னா நான் கடைய மூடிட்டு மீன் புடிக்கப் போயிடுவேன்."

அது வேறு மாதிரி இருந்தது. தூக்கும்போதே, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இல்லாமலே லேசாக முனகியது. என் கணவர் தண்டை அழுத்தினார், தூக்கினார், படபடவென்று ஆட்டினார். சுதி காட்டும் ட்யூனரின் பச்சை விளக்கு ஒவ்வொரு தடவையும் நடுவிலேயே வந்து நின்றது. அவர் முகத்தில் நான் சந்தோஷத்தைத் தேடினேன். கடைசி வாசலும் பூட்டிக்கிடப்பதைப் பார்த்தவனின் முகம் அது.

"ஸ்ட்ரிங் தடிப்பா இருக்கு" என்றார் கடைசியில்.

என் கைப்பையில் அவர் வழக்கமாகப் போடுகிற மெல்லிய கம்பிகள் இருந்தன. "நான் மாத்தட்டுமா?" என்று திருகாணியைக் கேட்டேன். கணவரைக் கேட்கத் தைரியமில்லை.

"மாட்டத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் இருந்துச்சு."

துணியை மடித்துச் செருகினேன். ஒன்றைக் கழற்றி ஒன்று. வெட்டின நுனியை மூன்று தடவை சோதித்தேன். முதல் கம்பியைப் பாதி மாட்டி, திருப்தியில்லாமல் கழற்றினேன். மறுபடி மாட்டினேன். திருகாணி பக்கத்திலேயே நின்று பார்த்தார். முடிந்ததும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, மெல்லிய கம்பிக்குத் தகுந்தபடி பிரிட்ஜைச் சமம் செய்தார்.

"யம்மா, மூக்குக்கண்ணாடியெல்லாம் போதும். இங்க வேலைக்கு வந்துடுங்க. இவ்வளவு சுத்தமா நானே மாட்ட மாட்டேன்."

கண் கலங்கிவிட்டது. திரும்பிக்கொண்டேன்.

"இப்ப பாருங்க சார்."

என் கணவர் மறுபடியும் தண்டை அழுத்தினார். மறுபடியும் தூக்கினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றார் திருகாணி. "ஒண்ணரை மணி நேரமா தண்டத்தான் ஆட்டறீங்க. ஒரு வரி வாசிக்கல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்த மாதிரி ஆயிடப்போவுது."

விளையாட்டாகத்தான் சொன்னார். என் கணவரின் காது மடல் சிவந்தது.

"அங்க போய் வாசிச்சுக்கறேன். இத எடுத்துக்கலாம். கெளம்பு."

என் போன் அடித்தது. மாஸ்டர்.

"என்னம்மா, கிட்டார் கெடச்சுதா?"

"கெடச்சிடுச்சு சார். கையில இருக்கு. இதோ கெளம்பறோம்."

"இரும்மா. அந்த இன்னொரு ஆள் முன்னாடியே வந்து உக்காந்துட்டான். கழுத்தறுக்கறான். எனக்கு உன் புருஷனத்தான் புடிக்கும், பதினோரு வருஷப் பழக்கம். போன ஸ்பீக்கர்ல போட்டு அந்த சோலோவ இப்பவே ஒருதடவ வாசிக்கச் சொல்லு. சுத்தமா இருந்தா இந்த ஆள அனுப்பிட்டு, பேர எழுதிடறேன். நீங்க மெதுவா வாங்க, போதும்."

கடவுளே, இவ்வளவு சுலபமாகவா? போனை ஆம்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்தேன். திருகாணி ஸ்விட்சைப் போட்டார். ஆம்ப் 'ம்ம்' என்று விழித்தது.

"அங்க நேர்ல போய்..." என்றார் என் கணவர்.

"நான் கேட்டுக்கிட்டுத்தாம்ப்பா இருக்கேன்" என்றது போன். "வாசி."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். இத்தனை வருஷமும் மேடைக்குக் கீழே இருந்து அசைத்த அதே அசைப்பு.

வாசித்தார்.

முதல் எட்டு ஸ்வரங்கள் என் வீட்டுச் சுவருக்கே மனப்பாடம். எட்டும் தேனாக வந்தன. ஒன்பதில் வேகம் பிடிக்க வேண்டும். இடது கையின் மோதிர விரல் கம்பியை நோக்கிப் போகவில்லை. மெதுவாக உள்ளே மடங்கியது. சுண்டு விரலும் அதன் பின்னால் மடங்கி உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டது. அவர் கையை உதறி மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடம், அதே மடங்கல். வலி இருப்பதாகத் தெரியவில்லை. கூப்பிட்டும் திரும்பாத பிள்ளைகள் போல அந்த இரண்டு விரல்களும் இருந்தன.

ஆம்பிலிருந்து வந்தது இசை இல்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றது போன்.

 திருகாணி தரையைப் பார்த்தார். எனக்கு அந்த விரல்களைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. எப்போதிருந்து? காலையில் டீ டம்ளரை ஒழுங்காகத்தானே பிடித்தார்? கேட்க நேரமில்லை. ஐந்து மணி இப்போதே வந்துவிட்டது. நான் போனை எடுத்தேன்.

"சார், அவர் மேல தப்பில்ல. ஸ்ட்ரிங் நழுவிடுச்சு. இப்பத்தான் மாட்டினேன், நான் சரியா மாட்டல. ஒரு பத்து நிமிஷம்..."

"மறுபடியும் நீதானா?" மாஸ்டர் குரலில் சலிப்பு. "ஏம்மா, உன்னால அவன் பொழப்பே போகப்போவுது. அன்னைக்கும் நீதான், இன்னைக்கும் நீதான்."

"ஆமா சார். நான்தான் சார். மன்னிச்சுக்குங்க."

என் கணவர் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தார். எழுந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கினார். அணைப்பார் என்று நினைத்தேன். வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டார். பேசியது மாஸ்டரிடமா என்னிடமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, பார்த்தது என்னை.

"அவ சரியாத்தான் மாட்டினா. ஸ்ட்ரிங் நழுவல. விரல் மடங்குது. ஆறு மாசமா மடங்குது. மெதுவா வாசிச்சா தெரியல, வேகம் வந்தா நிக்கறதில்ல. மூணு டாக்டரப் பாத்துட்டேன். சரியாகும்னு ஒருத்தரும் சொல்லல."

அவர் இடது கையை எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

"அன்னைக்கு சோலோ வரும்போது எனக்குத் தெரிஞ்சுடுச்சு, இன்னைக்கு வராதுன்னு. ஒரு ஸ்ட்ரிங் போனா மொத்தமும் போயிடும், விரல யாரும் பாக்க மாட்டாங்க..."

"அப்படின்னா அன்னைக்கு அறுந்தது..." என்றேன். 

"அறுந்து போகல. லைட்ட அணைச்ச நேரத்துல ஆம்புக்குப் பின்னாடி குனிஞ்சு, நான்தான் கட்டர வெச்சு வெட்டினேன்."