ஓரக்கண்ணுக்குத் தொண்ணூற்றிரண்டு மார்க்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, திருடியது. திருநெல்வேலி டவுணில் கிளம்பக் காத்திருந்த ஒரு மினி பஸ்ஸில், டிரைவர் செல்போனை எட்டப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தார். வெட்டி விளையாட்டு என்று மனசுக்குள் திட்டினேன். விளையாட்டில்லை, ஓரப் பார்வையைப் பழக்குகிற ஆப். நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, ஓரத்தில் வெளிச்சம் மினுங்கினால் தொட வேண்டும். நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சரக்கு.

2

ஆரம்பம், முதல் தடவை: 'தாமிரபரணி சலசலத்து ஓடிக்கொண்டிரு...' சீ, ஆற்றை விடுங்கள். ஆற்றுக்கும் இவருக்கும் என்ன?

இரண்டாம் தடவை: டிரைவர் தளவாய்க்கு வயசு ஐம்பத்திரண்டு. கண்ணில் அழுத்த நோய். இடப்பக்கப் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. "போனது போனதுதான். இருக்கதக் காப்பாத்த மருந்த ஒழுங்கா விடும்," என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். திங்கட்கிழமை லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை. தேறாவிட்டால் இருபத்தாறு வருஷம் பிடித்த ஸ்டியரிங்கை விட வேண்டியதுதான். வேறு வேலை தெரியாத மனுஷன்.

3

ஆப்பில் முதல் நாள் நாற்பத்தொன்று. மூன்றாம் வாரம் தொண்ணூற்றிரண்டு!

"ஏலே சங்கிலி, பாத்தியா? டாக்டரு என்னத்தப் படிச்சாரோ!"

கண்டக்டர் சங்கிலிபூதத்தான் எட்டிப் பார்த்தான். "இனி நீரு ஏரோப்ளேனே ஓட்டலாம், அண்ணாச்சி!"

(இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போனை ஒரு சாண் தூரத்தில் பிடிக்கச் சொல்கிறது ஆப். தளவாய்க்கு வெள்ளெழுத்து, கிட்டத்தில் மங்குகிறது என்று நாளுக்கு நாள் கையை நீட்டி, இப்போது முழங்கை மடங்குவதே இல்லை. அத்தனை தள்ளிப் பிடித்தால் போனின் நாலு ஓரமும் அவருக்கு மிச்சமிருக்கிற நடுப்பார்வைக்குள் அடங்கிவிடும். கண் தேறவில்லை, போன்தான் தள்ளிப் போயிருக்கிறது. பாவி மனுஷன்.)

4

அவர் மனைவி பிரம்மநாயகிக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு இடப்பக்கம் போய் நின்று கையை நீட்டினாள்.

"திரும்பாம நேரா பாருங்க. எத்தன விரலு?"

தளவாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். அந்தப் பக்கம் விரலுமில்லை, கையுமில்லை, அவளுமில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"மூணு."

அவள் விரித்திருந்தது ஐந்து.

(இங்கே அவள் உண்மையைச் சொல்லுவதாகத்தான் முதலில் எழுதி... அடித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அடித்திருப்பீர்கள்.)

"மூணேதான்," என்றாள்.

"நான் சொல்லல?" தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

5

முடிவு ஒன்று: பரிசோதனையில் மாட்டிக்கொள்கிறார். பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து, போகிற பஸ்ஸையெல்லாம்... எழுத மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: எழுத்துப் பலகையை மட்டும் வாசிக்கச் சொல்கிறார்கள். நேராக இருக்கிற எழுத்துத்தானே, கடைசி வரி வரைக்கும் கணீரென்று வாசித்துவிடுகிறார். தேறிவிடுகிறார். எனக்கு ஈரக்குலை நடுங்குவது இதற்குத்தான்.

அவளால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை, நான் கோழை. இனி நீங்கள்தான். செவ்வாய்க்கிழமை காலை, பேட்டை ஸ்டாப்பில் பிள்ளையோடு நிற்கிறீர்கள். தளவாய் வண்டி வருகிறது. ஏறினதும் அவரிடம் பையச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், பிள்ளையை இழுத்துக்கொண்டு ரோட்டை விட்டு நாலடி தள்ளி நில்லுங்கள்.