குழாய் வேண்டாம் என்று ஓர் உயில்

கன்னியம்மாள் உயில் எழுதப்போகிறாள் என்ற செய்தி சனிக்கிழமை கீழ்பென்னாத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் சரோஜா அரை மூட்டை வேர்க்கடலையோடு வந்து இறங்கினாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டுப் படியை மிதிக்காதவள்.

"அண்ணி, எளச்சிட்டீங்களே," என்று தோளைத் தடவினாள்.

கன்னியம்மாள் முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எடை எண்பத்திரண்டு கிலோ. இளைத்துவிட்டாள் என்று அவளை இதுவரை யாரும் சொன்னதில்லை.

அவள் எழுத நினைத்தது வேறு உயில். போன ஆடியில் அவளுடைய அண்ணன் தருமன் ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று நாள் கிடந்தார். இனித் தேறமாட்டார் என்று மூன்றாம் நாளே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் போதும் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கைக்கடிகாரம் கட்டினாலே உறுத்துகிறது என்று கழற்றி வைக்கிற மனுஷன். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் நோட்டரி வக்கீல் ராமதாஸைத் தேடிப் போனாள்.

கிரிவலத்துக்கு வந்த பௌர்ணமிக் கூட்டம் ஊரில் வடிந்திருந்ததால் ராமதாஸ் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கே வந்துவிட்டார். எல்லாரும் கூடத்தில் உட்கார, எழுதியதைப் படித்தார்.

"'இனிப் பிழைக்க வழியில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்தால், எனக்கு வென்டிலேட்டரோ, உணவுக் குழாயோ வைக்க வேண்டாம்.'"

"அப்புறம் நெலம் வருதா சார்?" என்றாள் சரோஜா.

"நெலம் வராதும்மா. இவ்ளோதான்."

"நாலரைக்கு பஸ் இருக்குல்ல?"

கன்னியம்மாளின் கணவர் பலராமனுக்கு வேறு கவலை. "ஏன் சார், இது தற்கொலைக் கேஸ் ஆயிடாதா?"

"ஊசி போட்டு அனுப்பிடுங்கன்னு கேட்டாத்தான் குத்தம். மெஷின வெச்சு இழுத்துப் புடிக்காதீங்கன்னு எழுதி வெக்க சுப்ரீம் கோர்ட்டே உரிமை குடுத்திருக்கு. அப்பவும் ரெண்டு டாக்டர் குழு பாத்து ஒத்துக்கணும்."

சாட்சிக்குப் பக்கத்து மெத்தைக்கடை அன்வர் பாஷாவும் அவர் மனைவி குர்ஷித் பேகமும் வந்திருந்தார்கள். பாஷா பேனாவைத் திறந்துவிட்டு மூடினார். "அக்கா, நீங்க சாவறதுக்கு நான் சாட்சியா?"

"சாவறதுக்கு இல்ல பாய். நிம்மதியா சாவ வுடறதுக்கு."

"அந்த நேரத்துல உங்களுக்குப் பதிலா சம்மதம் சொல்ல ஒருத்தர் பேர் போடணும்," என்றார் ராமதாஸ்.

பலராமன் மோட்டாரை நிறுத்திவிட்டு வருவதாக எழுந்து போனார். மோட்டாரை யாரும் போடவேயில்லை. மகன் புகழேந்தி, "எனக்கு வாய் வராதும்மா," என்று செல்போனுக்குள் குனிந்துகொண்டான். யாரும் கேட்காமலே சரோஜா தனக்கு பி.பி. இருப்பதாகச் சொன்னாள்.

சமையலறை வாசலில் மருமகள் நந்தினி நின்றிருந்தாள். மிக்ஸி மூடி உடைந்த விஷயத்தில் மாமியாரோடு நாலு நாளாகப் பேச்சில்லை.

"நிமோனியா மாதிரி வந்தா மெஷின் வெக்கலாமா அத்தை? அது சரியாயிடுமே."

"பொழைக்க வழி இருந்தா வெய்யி."

"வலிக்கு மருந்து?"

"அது கம்மி பண்ணாத. வலி எனக்கு ஆவாது."

"நிறுத்தாதன்னு உங்க புள்ள அழுதா?"

"அழட்டும். நீ அசையாத."

"நான் அழுதா?"

கன்னியம்மாள் அப்படி ஒன்றை யோசித்ததே இல்லை. "நீ எதுக்குடி அழுவப்போற," என்றாள். வக்கீல் பக்கம் திரும்பினாள். "இவ பேரப் போடுங்க சார்."

நந்தினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ரெண்டு நிமிஷம் யோசிக்கக் கூடாதா? இவ்ளோ சட்டுனு போட்டுட்டா பாருங்க," என்று எல்லாரும் போனபின் கணவரிடம் குறைப்பட்டாள் கன்னியம்மாள்.

பலராமன் கூடத்து நாற்காலிகளை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "எனக்கும் ஒண்ணு எழுதிடலாம். நந்தினி பேரையே போட்டுடு," என்றார்.

"ஏன், நான் இல்லியா?"

"நீ நிறுத்த வுடமாட்ட."

கன்னியம்மாள் சண்டைக்கு வாயெடுத்தாள். அண்ணன் கிடந்த அந்தக் கட்டிலில் இவர் கிடப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள்.

"காலையில வக்கீலுக்கு போன் போடுங்க," என்றாள்.