மெதுவாகக் கழுவிய தட்டு

ஆய்வுக்கூடத்தில் தோழி நஸிகுல் என் செல் வளர்ப்புத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த அழகைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் பனியில் வழுக்கி விழுந்ததில் அவள் வலது கையில் கட்டு. இடது கையால் உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள்.

"பச்சப்புள்ளையையா குளிப்பாட்டுற? பீச்சி அடிடி!"

"உனக்கு ஒத்தாசைக்கு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

நான்கு மணிக்கு எங்கள் பேராசிரியர் எர்மெக் அகாய் (அகாய் என்றால் ஐயா) வருவார். என் மூன்று வருட ஆய்வை மூடச் சொல்வார். உடம்பில் சாகும் செல்களை விழுங்கு செல்கள்தான் தின்று சுத்தம் செய்கின்றன. விழுங்கு செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள் என்ற இரண்டு புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன, முதலாவது பிடிக்கிறது, இரண்டாவது விழுங்க வைக்கிறது என்பது என் கட்சி. ஆனால் முதலாவதை அடைத்தாலும் தின்னவில்லை, இரண்டாவதை அடைத்தாலும் தின்னவில்லை. "எதை அடைச்சாலும் ஒரே பதில்தான் வருது. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணுன்னு எதை வெச்சும்மா சொல்ற?" என்று அகாய் கேட்டிருந்தார். ஆனாலும் ஆய்வை விட எனக்கு மனமில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தட்டை மூன்று முறை பீச்சிக் கழுவ வேண்டும் என்பது அகாய் போட்ட சட்டம். வெளியே ஒட்டியிருப்பதையும் தின்றதாக எண்ணிவிட்டால் ஊர் சிரிக்கும் என்பார்.

சலித்துக்கொண்டேதான் நஸிகுல் கழுவிய தட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். இரண்டாவது ஏற்பியை அடைத்த தட்டு அது. விழுங்கு செல்களின் வயிறு காலி. ஆனால் ஒவ்வொன்றின் விளிம்பிலும் சாகும் செல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. பிடித்தாயிற்று; விழுங்கத்தான் முடியவில்லை. மூன்று வருடமாக இதைத்தான் பீச்சி அடித்துத் தொட்டியில் விட்டிருக்கிறேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

முதலாவதை அடைத்த தட்டையும் அதே போலச் சொட்டுச் சொட்டாகக் கழுவினேன். விளிம்பிலும் ஒன்றுமில்லை. பிடிக்கவே ஆளில்லை. அது போதாதென்று இன்னும் மூன்று ஜோடித் தட்டுகளைக் கழுவினேன். சாப்பிடக் கூப்பிட்ட நஸிகுலிடம் எரிந்து விழுந்தேன்.

அகாய் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து, நஸிகுல் கழுவிய தட்டை நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார்.

"ரவுஷான், ஒழுங்கா கழுவலையா?"

"இல்ல அகாய். வேணும்னேதான்."

"நான் சொன்ன முறையை மாத்திட்டியா?"

"மாத்திட்டேன். இதையும் பாருங்க." முதல் ஏற்பியை அடைத்த தட்டை நீட்டினேன்.

தட்டை அவரே மாற்றி வைத்தார். பழையதை மறுபடி வைத்தார். அவர் தோளில் இருந்த பனி உருகி மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணை எடுக்காமலே அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினார்.