பழைய வெர்ஷனும் எங்கள் கடையில்தான் ஓடுகிறது

அன்று காலை கடையில் இருந்தவர்கள்: நான், என் தம்பிகள் இருவர், பெரியவனின் மகள், புது மெஷினைப் பொருத்த வந்த கம்பெனி ஆள், பாதியில் உள்ளே வந்த பஸ் டிரைவர். வேறு ஒருவரும் இல்லை. கூடவே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் தெருவில் நின்று எட்டிப் பார்த்தவர்கள்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. பெரியவன் முன்னறையில் கண் சோதிக்கிறான். சின்னவன் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறான். கல்லா என்னிடம். எங்களிடம் ஒருமுறை கண்ணாடி போட்டவர் அதை உடைத்துக்கொண்டு எப்போது வந்து நின்றாலும் பெயரைச் சொன்னால் போதும், அவர் பவர் எங்களிடம் இருக்கும். இந்தத் தெருவில் வேறு எந்தக் கடைக்கும் அந்தப் பெருமை கிடையாது.

அந்தப் பவரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் சின்னவன். புரோகிராமை அவனே எழுதினான். பதிவுகளைக் காத்து வைத்திருக்கும் டேட்டாபேஸ் அந்தக் காலத்து வெர்ஷன். அவன் புரோகிராம் அதனோடு மட்டும்தான் பேசும். வாடிக்கையாளர் முன்னால் திரையில் 'பிழை' என்று வந்தால் கடைக்கு மரியாதை இல்லை என்று நான் அப்போதே சொல்லியிருந்தேன். அதனால் தேடியது கிடைக்காவிட்டால் திரை, 'முதல் வருகை, நல்வரவு' என்று மட்டும் சொல்லும். அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

புதிதாக வாங்கிய லென்ஸ் வெட்டும் மெஷினுக்கு அதே டேட்டாபேஸின் புது வெர்ஷன் வேண்டுமாம். கம்பெனி ஆள் பையை இறக்கி வைக்கும் முன்பே, "பழசைத் தூக்கிடலாம் சார். அது மியூசியத்துல இருக்க வேண்டியது" என்றார்.

சின்னவன் துணியில் கையைத் துடைத்தான். "தூக்கிடுங்க. கையோட என்னையும் தூக்கிடுங்க. மச்சான் கடையில ஆள் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு."

அவன் விளையாட்டுக்குப் பேசுகிறவன் இல்லை. எங்கள் பெயர்ப்பலகையில் 'சகோதரர்கள்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ஒருவன் போய்விட்டால் அந்தப் பலகைக்குக் கீழே நான் எந்த முகத்தோடு உட்காருவது?

பெரியவனின் மகள்தான் குறுக்கே வந்தாள். ஒல்லியாக இருப்பாள், சுருக்கென்று பேசுவாள், வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். ஓர் அலுவலகத்தில் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. விடுமுறையில் வந்திருந்தாள்.

"எதையும் தூக்க வேணாம். ரெண்டு வெர்ஷனும் ஒரே கம்ப்யூட்டர்ல ஓடும். ஆளுக்கொரு ஃபோல்டர், ஆளுக்கொரு போர்ட் நம்பர். நம்பர்னா வாசக்கதவு மாதிரி. ரெண்டும் ஒரே கதவுல வந்து நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பா?" என்றான் பெரியவன்.

"நம்ம வீட்டுல ஒரு அடுப்புலயே தினமும் சண்டைதானேப்பா?"

நான் அவளை முறைத்தேன். வெளியாள் முன்னால் பேசுகிற பேச்சா அது? ஆனால் வேலையில் அவள் சுத்தம். பழையதன் பக்கமே போகாமல், புதியதைத் தனி ஃபோல்டரில் ஏற்றி, அதற்கு அடுத்த நம்பரைக் கொடுத்தாள். சின்னவன் தன் புரோகிராமைத் திறந்து என் பெயரைத் தேடினான். என் பவர் வந்தது. பின்னறைக்குப் போனான். கம்பெனி ஆளை மெஷினோடு விட்டுவிட்டு நாங்களும் டீ குடிக்க எழுந்தோம்.

அந்த இடைவெளியில்தான் டிரைவர் வந்தார். சட்டைப்பையில் இரண்டு துண்டாகக் கண்ணாடி, லென்ஸ் பொடிப்பொடியாக. "அம்மா, பேரன் மிதிச்சுட்டான். மத்தியானம் வண்டி எடுக்கணும்."

சாதாரணப் பவராக இருந்தால் பெரியவன் அங்கேயே சோதித்துவிடுவான். இவருக்குக் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் தனியாக அளந்து எழுதித் தந்த லென்ஸ். அந்த அளவு எங்கள் பதிவில்தான் இருந்தது. சின்னவன் வந்து பெயரை அடித்தான்.

முதல் வருகை, நல்வரவு.

டிரைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து படித்தார். "என்னம்மா இது? உங்க கடையில நான் தலை நரைச்சவன். முதல் வருகைங்குது?"

சின்னவன் என் பெயரை அடித்தான். எனக்கும் நல்வரவு. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். அவன் வாசலைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"சித்தப்பா, உக்காருங்க" என்றாள் குண்டூசி. அவள் பார்வை கம்பெனி ஆள் மேல் இருந்தது. "சார், நம்பரை மாத்துனீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எங்க மெஷின் அந்தப் பழைய நம்பர்லதான் பேசும் மேடம். மாத்தி வெச்சா கம்பெனி சர்வீஸ் தராது. அதனால பழசை நிறுத்திட்டு அந்த நம்பரைப் புதுசுக்குக் கொடுத்தேன்."

"எதுவும் அழியல சித்தப்பா. பதிவெல்லாம் ஃபோல்டர்ல அப்படியே இருக்கு. உங்க புரோகிராம் போய்த் தட்டுன கதவுல இப்ப வேற ஆள் நிக்குது. பழசுக்கு வேற நம்பர் கொடுத்துட்டு, உங்க புரோகிராம்லயும் அதே நம்பரைப் போட்டா போதும். ஒரே வரி."

"நான் மாத்தணுமா?" சின்னவனின் குரல் உயர்ந்தது. "இத்தனை வருஷம் உக்காந்திருந்தவன் எழுந்து நிக்கணும், இன்னிக்கு வந்தவன் சட்டமா உக்காருவானா?"

பெரியவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நம்பர் என்ன நம்பரோ, எனக்குத் தெரியாது. ஒருவன் கட்டியதை அவனைக் கேட்காமல் இன்னொருவன் நிறுத்தியது எனக்குத் தெரியும்.

"தம்பி" என்றேன் கம்பெனி ஆளிடம். "இந்தக் கடையில ஒரு ஸ்டூலை நகர்த்தணும்னாக்கூட கேட்டுட்டுத்தான் நகர்த்துவோம். நீங்க யாரைக் கேட்டீங்க?"

அவர் நல்ல வளர்ப்பு. சாக்குப்போக்குச் சொல்லவில்லை. சின்னவன் முன்னால் வந்து நின்று, "சார், உங்களைக் கேக்காம நிறுத்துனது தப்புதான். மியூசியம்னு சொன்னதும் தப்பு" என்றார்.

டிரைவர்தான், "சீக்கிரம் சமாதானமாகுங்கப்பா, என் பஸ் நிக்குது" என்றார்.

சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தான் எழுதியதை நெடுநாளைக்குப் பிறகு திறந்து, அந்த வரியைத் தேடிப் பிடித்தான்.

"என்ன நம்பர் போடட்டும்?"

"உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்க சித்தப்பா. வேற யாரும் அதுல நிக்காம இருந்தா சரி."

அவன் அடித்தான். குண்டூசி பழையதையும் அதே நம்பரில் எழுப்பினாள். திரையில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, 'ஓடுகிறது', 'ஓடுகிறது' என்று நின்றன. டிரைவரின் பெயரை அடித்ததும் ஆஸ்பத்திரி அளவு வரி பிசகாமல் வந்தது.

டிரைவர் டிப்போவில் கையெழுத்துப் போட ஓடினார். கம்பெனி ஆள் மெஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலை, கேட்டுவிட்டு, சின்னவன் பக்கம் நகர்த்தினார். "நீங்களே முதல் லென்ஸை வெட்டுங்க சார்."

சின்னவன் பழைய பதிவைப் பார்த்து அளவைப் புது மெஷினில் ஏற்றினான். அது வெட்டி முடித்ததும் லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஓரம் என்னைவிட நல்லா வெட்டுதே, திருட்டுப்பய மெஷின்" என்றான். அவன் வாயிலிருந்து அதுதான் பாராட்டு.

மச்சான் கடைப் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அடுத்த விடுமுறையில் பதிவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புது வெர்ஷனுக்கு மாற்றலாமா என்று குண்டூசியிடம் அவனே கேட்டான். அவசரமில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

சின்னவன் அன்று அண்ணனோடு சண்டை போட்டு, செருப்புக்கூடப் போடாமல் கடையை விட்டு வெளியேறிவிட்டதாகத் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. பஸ் கிளம்புவதற்குள் டிரைவரிடம் கண்ணாடியைச் சேர்க்க அவன் ஓடினான். சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.