சாதுல்லா பாயின் பாறை

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சாதுல்லாவுக்கு எதற்கு மலையேறுகிற ஜீப் என்று தெருவே கேட்டது. கடைக்கு வேண்டியது ஒரு லோடு வண்டி. அதைத்தான் மனைவி அஸ்ரப் நிஷாவும் சொன்னாள். ஆனால் விளம்பரத்தில் அந்த நீல ஜீப் ஆற்றைத் தாண்டியது, சேற்றில் புரண்டு எழுந்தது, பாறைமேல் ஏறி நின்றது. எந்த லோடு வண்டி பாறை ஏறுகிறது, சொல்லுங்கள்!

"அடிபட்டா இன்னாங்க பண்றது?" என்று அவள் கேட்டாள்.

"வாரண்டி இருக்குது. ஒரு கீறல் வுழுந்தாலும் கம்பெனி பாத்துக்கும். நம்ம கைய வுட்டு ஒரு பைசா போச்சுன்னா, மறுநாளே வித்துட்டு லோடு வண்டி வாங்கறேன், போதுமா?" என்று வாயை விட்டார்.

ஜீப் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வெள்ளிமலைக்குக் கிளம்பிவிட்டார். மலை ஏறினார் என்பது உண்மைதான். பஸ் போகிற தார் ரோட்டில். மேலே போய் ரோட்டோரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். நிறுத்திய இடம் பலாமரத்தடி. டீ பாதிகூடக் குடித்திருக்கமாட்டார், நல்ல பருமனான பழம் ஒன்று பானட்டின் மேல் இறங்கியது. பானட் குழிந்துபோனது. பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மரத்துக்காரர் பிச்சைமுத்து நியாயமான மனிதர். "உங்க வண்டிமேல வுழுந்தது உங்களுக்குதான் பாய்" என்று பழத்தைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார்.

பாறை ஏற வாங்கிய ஜீப்பைப் பலாப்பழம் அடித்துவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? திரும்பும் வழியில் ஓர் ஓடைப் பக்கம் நிறுத்தி, குழியைக் காட்டி, "பாறை மோதிச்சு. வண்டிக்கு இவ்ளோதான். பாறை ரெண்டா ஒடஞ்சிபோச்சு!" என்று வீடியோ எடுத்துப் போட்டார். ஊரே பார்த்தது. வீட்டிலும் அதே கதைதான். பழம் சந்தையில் வாங்கியதாம்.

ஷோரூமுக்கு அஸ்ரப் நிஷாவும் கூடவே வந்தாள். மேனேஜர் அறிவுச்செல்வனின் தலைக்கு மேலே, சுவர்ப் படத்தில் அதே நீல ஜீப் பாறைமேல் நின்றிருந்தது.

"பாறையில மோதினதெல்லாம் வாரண்டியில வராதுங்க பாய். தயாரிப்புல கோளாறு இருந்தாதான். ரோட்ட வுட்டு எறங்கி பாறை ஏறினா இன்சூரன்ஸும் குடுக்காது."

"அப்ப இந்தப் படத்த இன்னாத்துக்கு மாட்டி வெச்சிக்கிறீங்க?"

"அது வாங்கறதுக்குங்க. ஓட்டறதுக்கு இல்ல."

சாதுல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்காசு போனால் ஜீப்பை விற்பதாகச் சொன்னதைக் கேட்டவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அறிவுச்செல்வன் குரலைத் தாழ்த்தினார்.

"நிக்கிற வண்டிமேல மரக்கிளை, தேங்கா, எதுனா வுழுந்திருந்தா சொல்லுங்க. இன்சூரன்ஸ்ல சுத்தமா செஞ்சி குடுத்துடலாம்."

சாதுல்லா வாயைத் திறந்தார். அதற்குள் வண்டி பார்க்க வந்திருந்த தமிழழகன் என்ற இளைஞன் ஓடி வந்தான்.

"பாறைய ஒடச்ச பாய் நீங்கதானே? உங்க வீடியோவப் பாத்துட்டுதான் இதே வண்டி வாங்க வந்தேன். ரெண்டு வார்த்த பேசுங்க பாய்!" செல்போனை நீட்டிவிட்டான்.

உண்மையைச் சொன்னால் ஜீப் தங்கும், மானம் போகும். சாதுல்லா நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாறைதான்!"

"ஆமாங்க, பாறைதான்" என்றாள் அஸ்ரப் நிஷா. "மேல நீலப் பெயின்ட் ஒட்டிக்கினு வூட்டுக்கு வந்துச்சு. கையில எண்ணெ தடவிக்கினு நான்தான் அறுத்தேன். நல்ல இனிப்பு. கொட்டைய நேத்துதான் குழம்புல போட்டேன்."

தமிழழகனின் செல்போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அறிவுச்செல்வன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"பலாப்பழம்னு போட்டுடவா பாய்?"

சாதுல்லா கண்ணாடிக்கு வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தலை தொங்கிவிட்டது.

"போடுங்க" என்றார். பிறகு மெதுவாக, "கொஞ்சம் பெரிய பழம்னு போடுங்க."